அந்தப் பொண்ணு என்னடி பண்ணுச்சு?

போன சனிக்கிழமை எங்கள் பெரியப்பாவுக்கு மணிவிழா. காலையில் கோயில் சடங்கெல்லாம் முடிந்தது. இரவு விருந்து பூன் லேயில், எங்கள் புளோக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு பல்நோக்கு மண்டபத்தில். சிங்கப்பூர்த் தமிழ் விருந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் பன்னீர்ச் செம்பு, உள்ளே பலூன். ஒரு பக்கம் பிரியாணிக்கு வரிசை, இன்னொரு பக்கம் கரவோக்கே மைக்குக்கு வரிசை. பிரியாணி வரிசையாவது ஒரு கட்டத்தில் முடிந்துவிடும்.

எட்டு மணி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு மாமா டி.எம்.எஸ்ஸாக மாறினார். ஒரு அத்தை சுசீலாவாக மாறப் பார்த்து, சரணத்தில் மூச்சு வாங்கி, நாற்காலிக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நாற்பதைத் தாண்டிய நாலு ஆண்கள் ஜிப்பாக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு மேடையேறினார்கள். மெட்டு தொடங்கியதும் மண்டபம் முழுக்க விசில். ‘ஒய் திஸ் கொலவெறி டி’.

நானும் விசிலடித்தேன். நாளைக்கு யாராவது வீடியோவைக் கொண்டுவந்து மாட்டிவிடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

எனக்குப் பக்கத்தில் சின்னப் பாட்டி உட்கார்ந்திருந்தார். என் பாட்டியின் தங்கை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். காது நன்றாகக் கேட்கும். பிடிக்காத பேச்சு மட்டும் கேட்காது. மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் தொடையில் தட்டினார்.

“ஏண்டி, அந்தப் பொண்ணு என்னடி பண்ணுச்சு?”

“எந்தப் பொண்ணு?”

“இவனுங்க இந்தக் கத்து கத்துறானுங்களே, அந்தப் பொண்ணு.”

“லவ் பெயிலியர் பாட்டி” என்றான் எதிரில் இருந்த தம்பி.

“அது சரி. அது என்ன பண்ணுச்சு?”

“ஏமாத்திட்டா.”

“எப்படி ஏமாத்திச்சு? காசு வாங்கிச்சா? வேற எவனையாவது கட்டிக்கிச்சா?”

பாட்டியைத் தவிர மேசையில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேருக்கும் பாட்டு முழுக்க மனப்பாடம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. “அதெல்லாம் பாட்டுல வராது பாட்டி” என்றான் தம்பி கடைசியில்.

“அப்ப எதுக்குக் கத்துறானுங்க?” என்று கேட்டுவிட்டுப் பாட்டி கேசரிக்குப் போய்விட்டார். நான் இன்னும் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறேன்.

*

2011 நவம்பர் 16 அன்று அந்தப் பாட்டு யூடியூபில் வந்தபோது நான் நன்யாங் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பூன் லே பேருந்து நிலையத்தில் 179ஆம் எண் பேருந்துக்கு நிற்கும் வரிசையில் நாலு கைபேசியாவது அதைப் பாடிக்கொண்டிருக்கும். தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. என் விடுதி அறைத்தோழி சீனப்பெண். குளிக்கும்போது அதைத்தான் பாடுவாள். ஒரு நாள் துண்டோடு வெளியே வந்து, “அந்த ‘டி’ என்றால் என்ன?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்துவிட்டு, “நம்ம ‘லா’ மாதிரி. ஆனா பொம்பளைங்களுக்கு மட்டும்” என்றேன். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னை ‘ஓகே டி’, ‘தேங்க்யூ டி’ என்றே கூப்பிட்டாள். எத்தனையோ ஆண்கள் சொன்ன ‘டி’யைவிட அவள் சொன்னது மரியாதையாக இருந்தது.

பாட்டு எங்கெங்கோ போனது. பார்வைக் கணக்கு பத்துக் கோடியைத் தாண்டியது. அந்த டிசம்பரில் ஜப்பானியப் பிரதமர் இந்தியா வந்தபோது மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷையும் அழைத்தார்கள். இரண்டு நாட்டு ராஜதந்திரத்துக்கு நடுவே ஒரு காதல் தோல்வி! எழுதிப் பாடியவர் தனுஷ். மெட்டுப் போட்ட அனிருத்துக்கு அப்போது 21 வயது, இதுதான் முதல் படம். படத்தின் பெயர் ‘3’. இயக்குநர் ஐஸ்வர்யா தனுஷ். பெண் இயக்கிய படம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பாட்டு நன்றாக இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் தேவையே இல்லை. பாட்டே அதைச் சொல்லிக்கொள்கிறது. தான் ஒரு தோற்றுப்போன பாட்டு என்று அறிவித்துவிட்டுத்தான் மேலே போகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றை எடுத்துக்கொள்வது, அதன் வாலில் ஓர் உகரத்தை ஒட்டுவது, அடுத்ததுக்குப் போவது. தொல்காப்பியர் குற்றியலுகரத்துக்கென்று தனி இயலே வகுத்தவர். இதைக் கேட்டிருந்தால் இன்னொரு இயல் சேர்த்திருப்பார், அல்லது ஓலையைக் கீழே வைத்திருப்பார். பாடகர் சுருதியைத் தேடவே இல்லை; சுருதி இவரைத் தேடி வரட்டும் என்று விட்டுவிடுகிறார். இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் அப்போதே மெட்டையும் வரிகளையும் சேர்த்துக் கடிந்துகொண்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னைத்தானே மட்டம் என்று சொல்லிக்கொள்கிறவனை நீங்கள் எப்படித் திட்டுவீர்கள்?

அந்த மட்டம்தான் பாட்டின் குடை. ‘சும்மா ஜாலிக்கு’ என்று எழுதியிருக்கும் குடை. எந்தக் கேள்வி கேட்டாலும் அதை விரித்துவிடலாம். தாமரையோ வைரமுத்துவோ நல்ல தமிழில் இதே விஷயத்தை எழுதியிருந்தால் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து மேய்ந்திருப்போம். இது உடைந்த ஆங்கிலம், குடிகாரன் பிதற்றல், சிரித்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நாமும் சிரித்துவிட்டுப் போனோம். சின்னப் பாட்டிக்கு மட்டும்தான் குடை கண்ணில் படவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் உடைந்த ஆங்கிலமும் தெரியவில்லை. நாலு ஆம்பளை சேர்ந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

*

சரி, பாட்டியின் கேள்வியை முறையாகவே விசாரித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு தே ஓ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டை நாலு முறை கேட்டேன். கையில் தாளும் பேனாவும். வட்டாரச் சமரச மேசையில் ஒரு புகார் வந்தால் எப்படிப் பதிவார்களோ, அப்படிப் பதிந்தேன்.

புகார்தாரர்: ஓர் ஆண். பெயர் சொல்லவில்லை, ‘சூப் பாய்’ என்கிறார். நிலை: குடித்திருக்கிறார், அழுதிருக்கிறார், பின்னால் வாத்தியக் கோஷ்டி வைத்திருக்கிறார்.

எதிர்தரப்பு: ஒரு பெண். பெயர் இல்லை. முகவரி இல்லை. வயது இல்லை. அடையாளம்: வெள்ளைத் தோல்.

சம்பவம் நடந்த தேதி: இல்லை. இடம்: இல்லை. சாட்சிகள்: பின்குரல் பாடும் நண்பர்கள், அவர்களும் சம்பவத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் ஆமாம் போடுகிறார்கள்.

குற்றம்: அவளுக்குக் கொலைவெறி.

ஆதாரம்: புகார்தாரர் சாகப்போகிறார், எதிர்தரப்பு சந்தோஷமாக இருக்கிறது.

இவ்வளவுதான். திருப்பித் திருப்பிக் கேட்டாலும் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் காதலிப்பதாகச் சொன்னாளா, வாக்குக் கொடுத்தாளா, இவரைத் தெரியுமா என்பதுகூடத் தெரியவில்லை. ஒருவேளை 179இல் இவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இறங்கும்போது “எக்ஸ்கியூஸ் மீ” என்று சொன்ன பெண்ணாகவும் இருக்கலாம். இவர் அதற்குள் குழந்தைக்குப் பெயர் வைத்திருப்பார். கடைசியில் அவள்மீது நிற்கும் ஒரே குற்றச்சாட்டு, அவள் சந்தோஷமாக இருப்பதுதான்.

‘சூப் பாய்’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் சூப் என்றால் ஆட்டுச் சூப். இல்லாவிட்டால் சிவப்பாக, எலும்புக்குள் குழல் விட்டு மஜ்ஜையை உறிஞ்சும் சூப் துலாங். உறிஞ்சி முடித்த எலும்புதான் நான் என்று பையன் சொல்லிக்கொள்கிறான். பரிதாபம்தான். ஆனால் சூப் பாய்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, கொடி இருக்கிறது, கீதம் இருக்கிறது. ‘சூப் கேர்ள்’ என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? அவளுக்குக் காதல் முறிந்தால் என்ன செய்வாள்? மறுநாள் காலை ஆறரைக்கு எம்ஆர்டியில் ஏறி வேலைக்குப் போவாள். அவள் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஹிப்ஹாப் தமிழாவின் ‘கிளப்புல மப்புல’ வந்து பரவியது. அதில் குடிக்கிற பெண்ணுக்குக் கிடைத்தது அனுதாபம் இல்லை, கலாச்சார வகுப்பு. ஆண் குடித்தால் சோகம், பெண் குடித்தால் சீரழிவு. சரக்கு ஒன்றுதான்.

*

எனக்கு அதிகம் உறுத்தியது நிறம். பாட்டு முதலில் வானத்துக்கு நிறம் பார்க்கிறது, பிறகு பெண்ணுக்கு. தோல் வெள்ளையாம், மனசு கருப்பாம். எந்தப் பள்ளிக்கூட நாடகத்திலும் வரும் சாதாரண உவமைதான். ஆனால் எழுதியவர் யார்? கருப்பாக, ஒல்லியாக இருக்கிறான், இவனெல்லாம் கதாநாயகனா என்று கேட்டவர்களைத் தாண்டி வந்த தனுஷ். அவர் திரையில் நின்றபோது எங்கள் வீட்டுக் கருப்புப் பையன்கள் எல்லாம் முதுகை நிமிர்த்தினார்கள். அவரே ஒரு பெண்ணைத் திட்ட வேண்டும் என்று வந்தபோது எட்டி எடுத்தது தன் நிறத்தைத்தான்.

கருப்பாகப் பிறந்த பெண் அந்தப் பாட்டில் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தேன். எங்கேயும் இல்லை. அவளுக்காக அழ ஆள் இல்லை, அவளைத் திட்டவும் ஆள் இல்லை. எனக்குப் பதினாறு வயதில் தேக்கா பக்கம் போன ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு அத்தை ‘ஃபேர் அண்ட் லவ்லி’ குழாயைப் பைக்குள் போட்டுவிடுவார். 2020இல் அதன் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். அத்தைகள் மாறவில்லை. அந்த வகையில் நான் பாட்டுக்கு நன்றியே சொல்ல வேண்டும்: அதன் கணக்குப்படி எந்த ஆணும் என்னால் சாக வாய்ப்பில்லை.

*

இதெல்லாம் புதிது என்று நினைக்காதீர்கள். சூப் பாய்க்கு ஈராயிரம் வயது. சங்க இலக்கியத்தில் அவன் பெயர் மடலேறுபவன். விரும்பிய பெண் கிடைக்கவில்லை என்றால் பனை மடலால் ஒரு குதிரை செய்வான். எருக்கம்பூ மாலை போட்டுக்கொள்வான். அவளுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கருக்கு உடம்பைக் கிழிக்க, ஊர்த் தெருவில் அந்தக் குதிரையில் வருவான். ஊர் கூடும். யார் அந்தப் பெண் என்று பேசும். பேச்சுக்குப் பயந்து பெண் வீட்டார் இறங்கி வர வேண்டும், அதுதான் திட்டம். இன்று பனை மடலுக்குப் பதில் யூடியூப், எருக்கம்பூவுக்குப் பதில் கூலிங் கிளாஸ், தெருவுக்குப் பதில் உலகம். கருக்கு மட்டும் இந்த முறை அவனைக் கிழிக்கவில்லை.

பெண்கள் மடல் ஏறக்கூடாது என்பது தொல்காப்பியம் சொன்ன விதி. வள்ளுவர் ‘நாணுத் துறவுரைத்தல்’ அதிகாரத்தில், கடல் அளவு காமம் வந்தாலும் மடல் ஏறாமல் இருப்பதுதான் பெண்ணின் பெருமை என்கிறார். பாராட்டு மாதிரி இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வாய்ப்பூட்டு. பல நூற்றாண்டு கழித்துத் திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல் என்று இரண்டு பாடி, பெண்ணாகவே பேசி, நான் ஏறத்தான் போகிறேன் என்று அந்த விதியை உடைத்தார். கடவுளையே தெருவுக்கு இழுப்பேன் என்கிற மிரட்டல். படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். ஆனால் பாருங்கள், பெண்ணின் மடலைக்கூட ஓர் ஆண்தான் ஏறிக் காட்ட வேண்டியிருந்தது.

நம்மிடம் திட்டுப் பாட்டுக்குப் பஞ்சமா என்ன? சின்னப் பாட்டியைக் கேளுங்கள். நலுங்குப் பாட்டில் மாப்பிள்ளையின் மூக்கு முதல் அவன் அம்மாவின் கஞ்சத்தனம் வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அங்கே ஒரு நியாயம் உண்டு. திட்டு வாங்குகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் ஒரு பாட்டு பாடினால் அந்தப் பக்கம் எசப்பாட்டு வரும். கொலவெறியில் இல்லாதது அந்த எசப்பாட்டு. ஒரு பக்கம் மைக், மறுபக்கம் காலி நாற்காலி. அந்தப் பதிவு வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்: ஐஸ்வர்யாவும் கதாநாயகி ஸ்ருதி ஹாசனும். ஸ்ருதி நன்றாகப் பாடுகிறவர், மெட்டும் அமைக்கிறவர். அந்த அறையில் அவருக்குக் கிடைத்த வேலை கேட்டு ரசிப்பது.

*

இத்தனை வருடம் கழித்து ஒரு பாட்டை இப்படிப் போட்டுத் துவைக்க வேண்டுமா என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு பாட்டால் யாரும் கத்தியெடுப்பதில்லை. ஆனால் ஒரே பாட்டு இல்லையே. 2015 டிசம்பரில் சிம்புவின் ‘பீப் பாட்டு’ இணையத்தில் கசிந்தது. மாதர் சங்கத்தினர் தெருவில் இறங்கினார்கள், கோவையில் வழக்குப் பதிவானது. அந்தப் பாட்டில் ஒரு சொல்லைப் பீப் ஒலியால் மறைத்திருந்தார்கள். கொலவெறியில் ஒரு பெண்ணையே மறைத்திருந்தார்கள். அதற்கு நாம் ஆடினோம். 2016 ஜூன் 24 காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். பின்தொடர்ந்து வந்தவன், அவள் மறுத்தாள் என்று போலீஸ் சொன்னது. அப்போதுதான் தமிழ்நாட்டில் பலர் சினிமாவைப் பார்த்து, விரட்டுவதற்குப் பெயர் காதலா என்று கேட்டார்கள். கைதானவர் விசாரணை முடியும் முன்பே சிறையில் இறந்துபோனார். அன்று டிவியில் விவாதித்தவர்களும் பாட்டி கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், வேறு தொனியில்: அந்தப் பெண் என்ன பண்ணினாள்?

சிங்கப்பூரில் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது 2014 நவம்பர் 15 அன்று. விடாமல் பின்தொடர்வதும் அதன் கீழ் குற்றம். சட்டம் நடப்புக்கு வந்த அந்த நாள், கொலவெறி வெளிவந்து மூன்று வருடம் நிறைவதற்குச் சரியாக ஒரு நாள் முன்னால். யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. பனைமடல் குதிரையோடு பூன் லே டிரைவில் யாராவது வந்தால் இப்போது போலீஸைக் கூப்பிடலாம். பனை மரத்தை வெட்டியதற்குத் தேசியப் பூங்காக் கழகமும் தனியாக வரும்.

*

இப்போது நான் நினைவில் வைக்கச் சொன்ன விஷயம். ‘3’ படம் 2012 மார்ச் 30 அன்று வந்தது. பாட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேர்கூடப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஞாயிறு இரவு முழுதாகப் பார்த்தேன். படம் ஒரு சாவில் தொடங்குகிறது. இறந்தவன் கணவன் ராம். மனைவி ஜனனிக்குக் காரணம் தெரியாது. அவள்தான் ஒவ்வொன்றாகத் தேடுகிறாள். அவனுக்கு இருமுனைக் கோளாறு என்ற மனநோய் இருந்ததும், அதை அவளிடமிருந்து மறைத்ததும் பிறகு தெரிய வருகிறது. பாட்டில் அவன் சாகிறான், அவள் சந்தோஷமாக இருக்கிறாள். படத்தில் அவன் செத்துவிட்டான், அவள் நொறுங்கிக் கிடக்கிறாள். அவள் எந்தக் கொலைவெறியும் காட்டவில்லை, காதலித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ‘ஒய்’ என்று கேட்கிற உரிமை அந்தக் கதையில் அவளுக்குத்தான் இருக்கிறது.

ஒரு பெண் எடுத்த படத்தில் எசப்பாட்டு இருந்திருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்கு. பாட்டு உலகம் சுற்றப் போனபோது அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. நாமும் போய்க் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அதில் தாளம் இல்லை.

*

விருந்து முடிந்த அன்று இரவு சின்னப் பாட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். மழை தூறியது, கூரை போட்ட நடைபாதையிலேயே வந்தோம். மிச்சக் கேசரி பிளாஸ்டிக் டப்பாவில்.

“அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னு யாருக்குமே தெரியல பாட்டி” என்றேன்.

“என்ன பண்ணியிருக்கும்? வேணாம்னு சொல்லியிருக்கும்.”

“அவ்வளவுதானா?”

“பின்ன? அவன் அழுதா பாட்டாப் பாடலாம், நீட்டி முழக்கலாம். வேணாங்கறது ஒரு வார்த்தைடி. அதை வச்சு என்னத்தைப் பாடறது?”

மின்தூக்கிக்குள் ஏறினோம். பதினொன்றாம் மாடி. நாலாவது மாடி தாண்டும்போது ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. பாட்டிதான். டப்பா மூடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, வாய்க்குள். அதே மெட்டு.

“பாட்டி!”

“மெட்டு என்னடி பண்ணுச்சு?” என்றார்.